ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும் பாதிக் காசுதான் வருகிறது, ஏன்?

வெல்லம்பிட்டியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். முக்கியமான பகுதிகளை மட்டும் தருகிறேன்.

"ஐயா, 2019இல் ஒரு வேகன் ஆர் கார் வாங்கினோம். லீசிங் எல்லாம் கட்டி முடித்துவிட்டோம். வாங்கிய நாள் முதல் ஃபுல் இன்சூரன்ஸ்தான். ஒவ்வொரு வருஷமும் அதே 32 இலட்சத்துக்குப் புதுப்பித்து வந்தோம். போன மாதம் மழைக்குள் வெள்ளவத்தையில் கார் வழுக்கி, முன்னால் நின்ற வான் ஒன்றில் மோதிவிட்டது. எங்கள் காருக்கு கராஜ் எஸ்டிமேட் 360,000 ரூபாய். கொம்பனி 182,000தான் தருமாம். இத்தனை வருஷம் காசு கட்டிய எங்களை ஏமாற்றுகிறார்களா? வீடு 2018இல் வங்கிக் கடனில் வாங்கியது. வங்கி போட்ட காப்புறுதி ஒன்று இருக்கிறது, அது போதுமா? வேறொரு ஏஜென்ட் தனியாக வீட்டுக் காப்புறுதி எடுக்கச் சொல்கிறார். படிவத்தில் 'இந்த இடத்தில் முன்பு வெள்ளம் வந்ததா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போடச் சொல்கிறார். ஆனால் 2016இல் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. காரைக் கணவரின் தம்பியும் சனி, ஞாயிறில் எடுத்து டாக்ஸி அப்பில் ஹயர் ஓடுவார். அதனால் ஏதும் பிரச்சினை வருமா?"

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய பத்திரங்களின் படங்களை இரண்டு தடவை பார்த்தேன். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதை ஒருவரும் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் காப்புறுதிக் கொம்பனியின் நட்டஈட்டுப் பிரிவில் வேலை செய்தவன் என்ற முறையில் அது எனக்கு இன்றைக்கும் கோபம் வரும் விஷயம்.

182,000 எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். விபத்து நடந்த அன்று உங்கள் காரின் சந்தை விலை 60 இலட்சம் என்று சேதத்தை மதிப்பிட வந்த கொம்பனியின் அசெஸர் எழுதியிருக்கிறார். நீங்கள் காப்புறுதி செய்திருப்பது 32 இலட்சத்துக்கு. 32ஐ 60ஆல் வகுத்து, அந்த விகிதத்தை 360,000க்குப் போட்டால் 192,000 வரும். பத்திரத்தில் எக்ஸஸ் 10,000 என்று இருக்கிறது. ஒவ்வொரு விபத்திலும் நீங்கள் ஏற்க வேண்டிய முதல் பங்கு அது. அதைக் கழித்தால் 182,000. கணக்கில் பிழையில்லை.

இதற்குக் குறைகாப்புறுதி என்று பெயர். கொம்பனிக்காரர் 'எவரேஜ்' என்பார்கள். 60 இலட்சம் பெறுமதியான ஒன்றுக்கு 32 இலட்சத்துக்கு மட்டும் பிரீமியம் கட்டினால், மிச்ச 28 இலட்சத்துக்கு நீங்களே பொறுப்பு என்று பத்திரம் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொறுப்பு சின்னச் சேதத்திலும் விகிதப்படி வந்து நிற்கும். "சேதம் மூன்றரை இலட்சம்தானே, 32 இலட்சத்துக்குள் அடங்குகிறதே" என்று எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் இருந்து கேட்டிருக்கிறார்கள். கேட்பது நியாயம்போலத்தான் தெரியும். ஆனால் பத்திரத்தின் நிபந்தனை வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் காரின் விலை இப்படி ஏறும் என்று 2019இல் யாரும் நினைத்திருக்க முடியாது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய கார் ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே விலை கூடியது. வாகனம் வருஷா வருஷம் விலை குறையும் என்று பழகிய நாங்கள் புதுப்பிக்கும்போது பழைய தொகையையே எழுதிக்கொண்டோம். பிரீமியம் கூடாமல் இருந்தது அப்போதைக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. 2025இல் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததால் விலை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் முன் அதே வருஷ, அதே மாடல் கார் என்ன விலை போகிறது என்று விசாரியுங்கள். கூட்டி எழுதியும் பிரயோசனமில்லை. 60 இலட்சக் காரை 80க்குக் காப்புறுதி செய்தால் கார் முழுதாகப் போனாலும் சந்தை விலைதான் கிடைக்கும். கூடுதலாகக் கட்டிய பிரீமியம் கட்டியதுதான்.

இன்னும் உங்கள் கையில் சில வழிகள் இருக்கின்றன. 'முழுமையான, இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வாசகத்தோடு ஒரு வவுச்சர் தருவார்கள். அதில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கணக்கை வரி வரியாக எழுத்தில் கேளுங்கள். சந்தை விலை 60 என்று எதைப் பார்த்து எடுத்தார்கள்? உங்கள் கார் 2015 மாடல், கிலோமீற்றர் கூட ஓடியது, பின் கதவில் பழைய பெயின்ட் வேலை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதையெல்லாம் சேர்த்து ஒரு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள். விபத்து நாளில் அது 50 இலட்சம்தான் பெறும் என்று அவர் எழுதினால், 32ஐ 50ஆல் வகுத்து வரும் தொகை 230,400. எக்ஸஸ் போக 220,400. மதிப்பீட்டுக் கூலி போனாலும் உங்களுக்கு மிச்சம் வரும். பேசிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். "இவ்வளவு வருஷம் கட்டினோமே" என்பது கணக்கில் ஏறாது.

முன்னால் நின்ற வானின் சேதத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது மூன்றாம் தரப்புப் பகுதியில், அதாவது உங்கள் காரால் மற்றவருக்கு வரும் சேதத்துக்கான பகுதியில் வரும். அங்கே இந்த விகிதக் கணக்கு கிடையாது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ரோட்டில் ஓடும் எந்த வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். சொத்துச் சேதத்துக்கு மட்டும் ஓர் உச்சத்தொகை உங்கள் பத்திரத்தில் இருக்கிறது. ஒரு வானின் பின் பம்பர் அதைத் தாண்டாது. நட்டஈடு கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் தரும் கழிவான நோ கிளெய்ம் போனஸ் மட்டும் அடுத்த வருஷம் அடிபடும்.

'ஃபுல் இன்சூரன்ஸ்' என்ற பேச்சு வழக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்திரத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. 'கொம்பிரிஹென்சிவ்' என்றுதான் இருக்கும். உங்கள் காருக்கு வரும் சேதத்தையும் சேர்த்துக்கொள்ளும் வகை அது, அவ்வளவுதான். வெள்ளம், கலவரம், பயங்கரவாதம், ஏர்பேக், கண்ணாடி, டோ பண்ணும் கூலி என்று ஒவ்வொன்றும் பத்திரத்தின் அட்டவணையில் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் அட்டவணையில் கலவரமும் பயங்கரவாதமும் இருக்கின்றன. வெள்ளமும் இருக்கிறது. நல்லது. ஆனால் வெள்ளம் இருந்தாலும் காசு போகும் ஒரு வழி உண்டு. ஆமர் வீதியில் ஒரு மழை நாள், தண்ணீருக்குள் நின்றுபோன கார் ஒன்றைப் பார்க்கப் போனேன். தண்ணீர் வடிந்துவிட்டது, வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. எஞ்சினைக் கழற்றிய மெக்கானிக் பாஸ் வளைந்துபோன கொனெக்டிங் ரொட் ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். கார் நின்ற பிறகு சொந்தக்காரர் நாலைந்து தடவை சாவியைத் திருப்பியிருக்கிறார். ஒவ்வொரு திருப்பலிலும் எஞ்சின் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது. இப்படிப்பட்ட கேஸில் "வெள்ளம் செய்தது இவ்வளவு, நீங்கள் செய்தது இவ்வளவு" என்று பிரிப்பார்கள். தண்ணீரில் கார் நின்றால் சாவியைத் தொடாதீர்கள். இறங்கி, போட்டோ எடுத்து, கொம்பனிக்குக் கோல் எடுத்து, டோ பண்ணிக் கொண்டுபோங்கள்.

இனி நீங்கள் கடைசியில் எழுதியிருந்த ஒரு வரி. கணவரின் தம்பி ஹயர் ஓடுவது. கடிதம் முழுக்க எனக்கு அதிகம் கவலை தந்தது அந்த வரிதான்.

உங்கள் பத்திரத்தில் 'தனிப்பட்ட பாவனை' என்று இருக்கிறது. காசுக்கு ஆள் ஏற்றினால் அது வாடகைப் பாவனை. அந்த ஓட்டத்தில் கார் மோதினால் காருக்கு ஒரு சதமும் வராமல் போகலாம். கார் போனால் போகட்டும். ஒரு மனிதர் அடிபட்டால்? பாவனை மாறியதைக் காட்டிக் கொம்பனி தன் பொறுப்பை மறுக்கலாம், அல்லது காயப்பட்டவருக்குக் கட்டிவிட்டு அந்தக் காசை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். வழக்கு வரும்போது சாரதியோடு வாகனச் சொந்தக்காரரையும் சேர்ப்பார்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயர் உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி நல்ல பிள்ளை, கவனமாக ஓடுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். அவரை ஹயர் ஓட வேண்டாம் என்றும் சொல்லவில்லை, இந்தக் காலத்தில் சனி ஞாயிறு வருமானம் ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். பாவனையை வாடகைக்கும் சேர்த்து மாற்றித்தரும்படி கொம்பனிக்கு எழுதுங்கள். பிரீமியம் கூடும். அந்தக் கூடுதல் காசை ஹயர் வருமானத்திலிருந்து தம்பி தரட்டும். திருத்தம் எழுத்தில் கைக்கு வரும்வரைக்கும் அவர் ஓட வேண்டாம். வாயால் "சரி" என்று ஏஜென்ட் சொன்னது போதாது.

வீட்டுக்கு வருவோம்.

வங்கி எடுத்த பத்திரத்தில் நெருப்பு, மின்னல், வெடிப்பு என்ற மூன்றும்தான் இருக்கின்றன. தொகை 60 இலட்சம், நீங்கள் எடுத்த கடன் தொகை. வங்கி தன் கடனுக்குப் பாதுகாப்புத் தேடியிருக்கிறது, அது வங்கியின் வேலை. நட்டஈடு வந்தாலும் முதலில் வங்கிக்குத்தான் போகும். உங்கள் கட்டில், பிரிட்ஜ், தையல் மெஷின், பிள்ளைகளின் புத்தகம் ஒன்றும் அதில் இல்லை. வெள்ளம் இல்லை. வெல்லம்பிட்டியில் வெள்ளம் இல்லாத வீட்டுக் காப்புறுதி!

2016 மே மாதம் களனி ஆறு பெருகிக் கொலன்னாவைப் பக்கமெல்லாம் மூழ்கியது. தண்ணீர் வடிந்த நாட்களில் நான் அங்கே வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் சுவரில் என் நெஞ்சு மட்டத்துக்குக் கபில நிறக் கோடு. பிரிட்ஜ் மிதந்துபோய்க் குசினி வாசலில் குறுக்கே மல்லாந்து கிடந்தது. மர அலுமாரி ஊறி, கதவு திறக்கவில்லை. அந்த வீட்டு ஐயா மேல் தட்டிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை, அதற்குள் பத்திரம். ஒரு துளி ஈரம் படவில்லை. அதைக் கையில் வாங்கி அட்டவணையைப் பார்த்தேன்: நெருப்பு, மின்னல். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பதிலை அவருக்கு நான்தான் சொன்னேன். உங்கள் வங்கிப் பத்திரத்தின் படத்தைத் திறந்தபோது அந்த முகம்தான் வந்தது.

ஆகவே தனிப் பத்திரம் எடுங்கள், ஏஜென்ட் சொன்னதில் அந்தப் பகுதி சரி. கட்டடம் ஒரு தொகை, வீட்டுப் பொருட்கள் இன்னொரு தொகை. கட்டடத்துக்கு எழுத வேண்டியது வீடு வாங்கிய விலை அல்ல, உறுதியில் உள்ள தொகையும் அல்ல. கொழும்பில் வீட்டு விலையில் பெரும்பங்கு காணிக்குரியது. ஒரு பேர்ச் காணி எவ்வளவு விலை போனாலும் காணி எரியப்போவதில்லை. இன்றைக்கு அதே வீட்டை மறுபடி கட்ட எவ்வளவு செலவாகும் என்பதுதான் கேள்வி. நம்பிக்கையான மேசன் பாஸ் ஒருவரிடமோ ஓர் இஞ்சினியரிடமோ சதுர அடிக் கணக்குக் கேளுங்கள். ஒரு பேச்சுக்குச் சதுர அடி 12,000 என்று வைப்போம். உங்கள் 1,400 சதுர அடிக்கு 168 இலட்சம். அதை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், காருக்கு நடந்த அதே கதைதான்: 10 இலட்சம் சேதத்துக்கு 357,000 போலத்தான் வரும். கடன் மீதி இருக்கும்வரை புதுப் பத்திரத்தில் வங்கியின் உரித்தும் பதியப்பட வேண்டும். வங்கிக்குப் போய், இந்தப் பெரிய பத்திரத்தையே தங்கள் பத்திரத்துக்குப் பதிலாக ஏற்பார்களா என்று கேளுங்கள். ஏற்றால் ஒரே வீட்டுக்கு இரண்டு பிரீமியம் கட்டத் தேவையில்லை.

பொருட்களை எழுதும்போது நகையைத் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலான பத்திரங்களில் நகைக்கு ஒரு சின்ன வரம்புதான் இருக்கும். களவுக்குக் காசு வர, பூட்டை உடைத்தோ ஜன்னலைப் பெயர்த்தோ வந்த அடையாளம் இருக்க வேண்டும். திறந்து கிடந்த கதவால் வந்தவனுக்குப் பத்திரம் பொறுப்பேற்காது. வீடு ஒரு மாதம் போலப் பூட்டிக் கிடந்தால் களவுப் பகுதி நின்றுவிடும் என்றும் பல பத்திரங்களில் நிபந்தனை உண்டு. கனடாவுக்கும் லண்டனுக்கும் மூன்று மாதம் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் கொழும்புத் தமிழ்த் தாய் தகப்பன் எத்தனை பேர்! போவதற்கு முன் கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போனால் போதும்.

'கலவரம்' என்ற சேர்க்கையைச் சிலர் காசு மிச்சம் பிடிக்க வெட்டச் சொல்வார்கள். வெட்ட வேண்டாம். கலவரத்தில் வைத்த நெருப்பு சாதாரண நெருப்புப் பத்திரத்துக்குள் வராது. 1983 ஜூலையை நேரில் பார்த்த என் தகப்பனார் தலைமுறைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 2022 மே 9ஆம் தேதி இரவு எரிந்த வீடுகளையும் வாகனங்களையும் நீங்களும் டீவியில் பார்த்திருப்பீர்கள். வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான நிதியை அரசாங்கத்தின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. எந்தக் கொம்பனியில் எடுத்தாலும் இந்தச் சேர்க்கையைக் கேட்டு வாங்கலாம்.

இப்போது அந்த 'இல்லை' என்ற பதில். எழுதாதீர்கள், சகோதரி. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை மறைத்து எடுத்த பத்திரம் அடுத்த வெள்ளத்தில் முதல் நாளே செல்லாமல் போகும். 2016இல் எந்த ஒழுங்கை மூழ்கியது என்பது கொம்பனிகளுக்குத் தெரியாத இரகசியமா? அசெஸர் வந்து அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கேட்டால் முடிந்தது. 'இல்லை' என்று எழுதச் சொன்ன ஏஜென்டுக்குக் கமிஷன் இந்த மாதமே வரும். படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. "ஆம், 2016இல் வந்ததாக அயலவர் சொல்லக் கேள்வி, நாங்கள் 2018இல் வாங்கிய பிறகு வரவில்லை" என்று உள்ளபடி எழுதுங்கள். பிரீமியத்தைக் கூட்டுவார்கள், அல்லது வெள்ளச் சேதத்தில் ஒரு பங்கை உங்களை ஏற்கச் சொல்வார்கள். ஒரு கொம்பனி மாட்டோம் என்றால் இன்னொன்றில் கேளுங்கள். படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, நீங்களே நிரப்பி, கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். வெறும் படிவத்தில் கையெழுத்து வைத்து ஏஜென்டிடம் கொடுப்பதை நான் பார்த்த அளவுக்கு வேறு எந்தப் பிழையையும் பார்க்கவில்லை.

இன்னொன்று, நாளைக் கடத்தாதீர்கள். களனி நீர்மட்டம் ஏறுகிறது என்று செய்தி வந்த பிறகு யாரும் வெள்ளத்தைச் சேர்த்துத் தரமாட்டார்கள்.

கார் விஷயத்தில் மதிப்பீட்டு அறிக்கையோடு கொடுத்த கடிதத்துக்கும் கொம்பனி மசியாவிட்டால், அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொம்பனிகளுக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். உங்களைப் போன்ற தனிப்பட்டவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது, கொம்பனிக்கு நீங்கள் எழுதியதையும் அவர்கள் தந்த பதிலையும்தான். ஏழு வருஷமும் புதுப்பித்தல் கடிதத்தில் 'தற்போதைய சந்தை விலையைச் சரிபார்க்கவும்' என்று ஒரு வரியாவது அனுப்பியிருந்தார்களா என்று பழைய கடிதங்களைத் தேடிப் பாருங்கள். அப்படி ஒன்றும் அனுப்பாமல் காசை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் முறைப்பாட்டில் அதையும் எழுதுங்கள். கணக்கு அதனால் மாறும் என்று வாக்குத் தர மாட்டேன். ஆனால் இரக்கத்தின் பேரில் ஒரு தொகையைக் கூட்டித் தந்த கொம்பனிகளை நான் பார்த்திருக்கிறேன்.

புது வீட்டுப் பத்திரம் வந்ததும் அட்டவணைப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன் நீங்களே அதில் 'வெள்ளம்' என்ற சொல்லைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கே கொம்பனிக்குக் கோல் எடுங்கள்.